குளியலறை பம்பும் பக்கத்து வீட்டுத் தூக்கமும்

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் கடல் ஒரு நாளும் வாயை மூடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அதன் இரைச்சலுக்கு நடுவே வீட்டுக்குள் பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டும். ஆனாலும் அந்த இரைச்சலில் கைக்குழந்தை தூங்குகிறது, கிழவர்களும் தூங்குகிறோம். அதே ஆட்கள், பக்கத்து மாடியில் அரைக் குதிரைத்திறன் பம்ப் ஒன்று 'உம்ம்' என்று கிளம்பினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். "கடல் சத்தத்தையே தாங்குறவங்களுக்கு இந்தச் சின்ன மோட்டார் என்ன பெரிசா?" என்று பம்ப் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் படும். ஆனால் நியாயமில்லை.

கடல் இரைச்சலில் எல்லாச் சுருதியும் கலந்திருக்கிறது. அது விடாமல் வருகிறது. காது சற்று நேரத்தில் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். பம்ப் அப்படியல்ல. ஒரே சுருதியில் முனகும், சொல்லாமல் தொடங்கும், சொல்லாமல் நிற்கும். தூங்குகிறவனை எழுப்புவது சத்தத்தின் அளவு மட்டுமல்ல, அதன் மாற்றமும்தான். மின்விசிறி நின்றுபோனால் நாம் விழித்துக்கொள்வதில்லையா?

இந்த பம்புகள் நம் பக்கம் வந்தது சமீபத்தில்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கூரை வீடுகள் காங்கிரீட் வீடுகளாயின. பிறகு மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி ஏறியது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது குளியலறைக்கு ஷவர் வேண்டும் என்கிறார்கள். ஷவரைப் பூட்டினால் தண்ணீர் நூல் நூலாக வடிகிறது. உடனே கடைக்காரர் 'பிரஷர் பம்ப்' என்று ஒன்றைக் கொடுத்துவிடுகிறார். குழாயைத் திறந்தால் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும். சௌகரியமான சாமான்தான். வயதானவர்கள் குனிந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள முடியாதபோது ஷவர் ஆடம்பரம் இல்லை என்பதை என் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே பம்பே கூடாது என்று சொல்ல வரவில்லை.

நான் சொல்ல வருவது தூக்கத்தைப் பற்றி.

ஒலி மாசுக்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்றால் என்ன என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. காலம் முழுவதும் அரசாங்கக் கோப்புகளோடு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வரையறையை எழுதியவர் என்னைப் போல் பத்து மணிக்கு ஆபீஸ் போகிறவராக இருந்திருப்பார். அவருடைய தூக்கத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

குப்பத்துக்குப் பொருந்தாது. விடியற்காலை இரண்டு மூன்று மணிக்குப் படகு இறக்குகிறவன் முந்தின நாள் மாலை ஏழரை எட்டுக்கே படுத்துவிட வேண்டும். கரை திரும்பி, மீனைக் கொடுத்து, வலையைச் சரி பார்த்து, சாப்பிட்டுப் படுக்கும்போது உச்சி வெயில். ஏரியில் வலை வைக்கிறவர்களுக்கு நீரோட்டம் எப்போது சொல்கிறதோ அப்போது வேலை. மீன் கூடை தூக்கிப் போகும் பெண்களுக்கு வேறு நேரம். சட்டப்படி 'பகல்' ஆன பிற்பகல் இரண்டு மணி இங்கே பாதித் தெருவுக்கு நடு இரவு. சட்டப்படி இன்னும் இரவாகாத எட்டரை மணிதான் படகுக்காரனின் ஆழ்ந்த தூக்க நேரம். அந்த எட்டரை மணிக்குத்தான் சென்னையிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக ஷவரில் குளிக்கிறார்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு ஒருவன் முகத்துவாரத்து அலையைத் தாண்டிப் படகை எடுத்துப் போக வேண்டும் என்றால், அது வெறும் எரிச்சலோடு முடியும் விஷயம் இல்லை.

இதனால்தான் 'இரவு பத்துக்கு மேல் போடாதீர்கள்' என்ற ஏற்பாடு நமக்குப் போதாது என்கிறேன். எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கும் ஊரில் நேரம் குறிப்பது தீர்வு. யாராவது ஒருவர் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும் ஊரில் பம்பையே அமைதியாக்குவதுதான் தீர்வு. அது முடியும். பெரிய செலவும் இல்லை.

டெசிபல் மீட்டரை நம்பியும் பயனில்லை. மீட்டர்கள் பொதுவாக நம் காதைப் போலக் கீழ்ச் சுருதியைக் குறைத்தே எண்ணும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மோட்டாரின் காந்த முனகல் 100 ஹெர்ட்ஸில் வரும். மீட்டர் அந்தச் சுருதியில் ஏறத்தாழ 19 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் கணக்குக் காட்டும். ஆனால் சுவரைத் துளைத்துக்கொண்டு போவது அந்தக் கீழ்ச் சுருதிதான். உச்சமான 'கீச்' சத்தங்களைச் சுவர் ஓரளவு நிறுத்திவிடும், அடிக்குரல் 'உம்ம்' நின்றுவிடாது. காகிதத்தில் வரம்புக்குள் இருக்கும் பம்ப் ஒருவரைத் தூங்கவிடாமல் செய்வது இப்படித்தான்.

முதலில் ஒரு கேள்வி. அந்த பம்ப் உண்மையில் தேவைதானா?

தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். மொட்டை மாடியில் தரையோடு வைத்த தொட்டிக்கும் கீழே உள்ள ஷவருக்கும் இடையே ஒன்றரை மீட்டர் உயரம்தான் என்றால் கிடைப்பது 0.15 பார். அதில் ஷவர் அழத்தான் செய்யும். தொட்டியை இன்னும் இரண்டு மீட்டர் தூக்கி வைத்தால் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், சத்தமும் இல்லை. ஆனால் ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் எடை. பீடத்தைத் தூண்களின் மேல், கொத்தனாரைக் கலந்துகொண்டு கட்ட வேண்டும். நம் கரையில் தொட்டியை இரும்புப் பட்டையால் கட்டவும் வேண்டும். 2016 டிசம்பர் வர்தா புயலில் காலித் தொட்டிகள் தெருவில் உருண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

அடுத்தது குழாயின் குறுக்களவு. தொட்டியிலிருந்து அரை அங்குலக் குழாயை இறக்கி, அதில் ஆறு எல்போ போட்டு, 'பிரஷர் இல்லை' என்றால் எப்படி வரும்? ஒரு அங்குலக் குழாயை நேராக இறக்கி, ஷவர் அருகில் மட்டும் குறுக்கினால் நல்ல வித்தியாசம் தெரியும். மூன்றாவது, நம் தண்ணீர். இங்கே நிலத்தடி நீரின் உப்பும் காரையும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஷவர் தட்டின் துளைகள் ஒரே வருடத்தில் வெள்ளை படிந்து அடைத்துக்கொள்கின்றன. கழற்றி ஓர் இரவு வினிகரிலோ புளித்தண்ணீரிலோ ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாலே பாதிப் பேருக்குப் பம்ப் வேண்டாம். ஐந்து ரூபாய்ப் புளியில் தீர்கிற வியாதிக்கு ஆயிரக்கணக்கில் மருந்து வாங்குகிறோம்.

இதெல்லாம் பார்த்த பிறகும் பம்ப் வேண்டும் என்றால் வையுங்கள். ஆனால் எங்கே, எப்படி வைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பம்ப் சத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் பம்பைக் குறை சொல்கிறார்கள். நல்ல பம்பைக் கையில் தூக்கிப் பிடித்து ஓட்டினால் (ஓட்டாதீர்கள், ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்) மின்விசிறி அளவுதான் சத்தம் வரும். அதே பம்பைத் தளத்தில் நான்கு போல்ட் போட்டு இறுக்கியவுடன் வீடே பாடுகிறது. தவில் வாசிப்பவரின் விரல் கூடு தனியாகத் தட்டினால் 'டக்' என்றுதான் கேட்கும். தோலின் மேல் தட்டும்போதுதான் ஊருக்குக் கேட்கிறது. பம்ப் வெறும் விரல். உங்கள் மொட்டை மாடித் தளம்தான் தோல். நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் சுழலும் மோட்டார் விநாடிக்கு நாற்பத்தேழு நாற்பத்தெட்டு முறை அந்தத் தோலைத் தட்டுகிறது. ஒட்டிக் கட்டிய வீடுகளில் அந்தத் தளம் பக்கத்து வீட்டுச் சுவரையும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது விரலுக்கும் தோலுக்கும் இடையே மெத்தை போடுவது. பம்பைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் இடத்துக்கு நேர்மேலே வையுங்கள். அங்கே தளம் அவ்வளவு எளிதில் அதிராது. தரையில் தனி மேடை கட்டி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. பம்பை முதலில் ஒரு கனமான கல் பலகையில் பொருத்தி, அந்தப் பலகையை வரிகள் உள்ள தடித்த ரப்பர் திண்டுகளின் மேல் வைக்க வேண்டும். கல் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது, அது ஆட மறுக்கும். இங்கே பிளம்பர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். ரப்பரையும் போட்டுவிட்டு, அதன் வழியாகப் பெரிய போல்ட் ஒன்றைத் தளத்துக்குள் இறக்கி முறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் அப்போது அலங்காரம்தான், அதிர்வு போல்ட் வழியாக இறங்கிப் போய்விடும். போல்ட் போட்டே ஆக வேண்டும் என்றால் அதைச் சுற்றியும் தலைக்குக் கீழேயும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும்.

இதைச் செய்து முடித்து, "இன்னும் சத்தம் வருதே சார்" என்று வருகிறவர்கள் உண்டு. குழாயைப் பார்ப்பதில்லை. பம்புக்குள் வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் விறைப்பான பிவிசி என்றால் அதிர்வு அவற்றைப் பிடித்துக்கொண்டே சுவருக்குள் நுழையும். இரண்டு பக்கமும் ஒரு முழ நீளத்துக்குக் கம்பி பின்னிய ரப்பர் ஹோஸ் போட வேண்டும், அதை இழுத்துக் கட்டாமல் சற்றுத் தளர்வாக வளைத்துவிட வேண்டும். சுவரில் குழாயைப் பிடிக்கும் கிளாம்புக்குள் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றினால் போதும். குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் சிமெண்டை வைத்து அடைக்காமல், சற்றுப் பெரிய ஓட்டை விட்டு மெத்தென்ற பொருளால் நிரப்பலாம். பொன்னேரி போனால் இவை எல்லாம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

நடு இரவுச் சத்தத்துக்கு வருகிறேன், இதுதான் என்னை எழுத வைத்தது. "நாங்க யாரும் குளிக்கவே இல்லையே, மோட்டார் ஏன் ஓடுது?" என்று வீட்டுக்காரரே கேட்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மூன்று விநாடி ஓடி நிற்கும். பேய் வேலை எதுவும் இல்லை. எங்கேயோ ஒரு குழாய் சொட்டுகிறது, அல்லது கழிவறைத் தொட்டியின் மிதவை வால்வு கசிகிறது. சொட்டச் சொட்டக் குழாய்க்குள் அழுத்தம் குறையும். குறைந்ததும் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை எழுப்பும். மோட்டார் ஒரு மூச்சுத் தள்ளிவிட்டுப் படுக்கும். பத்து ரூபாய் வாஷர் ஒன்றை மாற்றாததால் ஒரு தெரு முழுவதும் இரவெல்லாம் புரண்டு படுக்கிறது. பம்போடு சிறு பிரஷர் டேங்க் இருந்தால், அதற்குள் காற்று குறைந்துபோனாலும் இதே கதைதான். மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு, அதன் வாயில் சைக்கிள் பம்பால் காற்று ஏற்றலாம். மோட்டார் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக, 0.2 பார் அளவு குறைவாக, வைத்தால் சரி. டயர் காற்று பார்க்கும் மீட்டரே இதற்குப் போதும்.

பம்பே கத்துகிறது என்றால் ஒரு சோதனை இருக்கிறது. ஓடும்போது சுவிட்சை அணையுங்கள். அணைத்த கணமே சத்தம் போய்விட்டால் அது மின்சார முனகல். மோட்டார் சுற்றித் தணியும் வரை சத்தமும் கூடவே தணிந்தால் அது பேரிங்கோ உள்ளே உரசும் பாகமோ. நம் உப்புக் காற்றுக்கு இரும்பு என்றாலே பலகாரம், பேரிங்கை அது முதலில் தின்னும். மாற்றிவிட வேண்டும், வேறு வைத்தியம் இல்லை. உள்ளே கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் வந்தால் பம்புக்குப் போதிய தண்ணீர் வந்து சேரவில்லை என்று பொருள். வரும் குழாய் ஒல்லியாக இருக்கும், அல்லது வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது வால்வை யாரோ பாதி மூடி வைத்திருப்பார்கள். அந்தச் சத்தத்தை அப்படியே விட்டால் பம்பின் உள்ளே இருக்கும் சக்கரத்தையும் அரித்துவிடும்.

சாக்கையோ பழைய போர்வையையோ சுற்றிச் சத்தத்தை அடக்கப் பார்க்காதீர்கள். மோட்டார் மூச்சு முட்டிச் சூடேறிக் கருகும். பெட்டி செய்து மூடலாம், ஆனால் காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் வழி விட்டு, பெட்டி பம்பைத் தொடாமல் இருக்க வேண்டும். இதுவும் கடைசியில் செய்ய வேண்டிய வேலைதான். திண்டும் ஹோஸும் போடாமல் பெட்டி போடுவது காய்ச்சலுக்குக் கம்பளி போர்த்துவது மாதிரி.

செலவைப் பேசுவோம். ரப்பர், ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்தாலும் பம்பின் விலையில் சிறு பங்குதான். அதை யார் கொடுப்பது? பம்ப் வைத்தவர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "உங்களுக்குச் சத்தமா இருந்தா உங்க ஜன்னலை மூடிக்குங்க" என்று பதில் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் போகும் ஊரில், புழுக்கத்தில், ஜன்னலை மூடிக்கொண்டு படுப்பதா?

என் பள்ளிப்படிப்பு பிரெஞ்சில் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பம்பை நாங்கள் 'போம்ப்' என்றுதான் சொல்லிப் பழகினோம். பிரெஞ்சுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு கருத்து இருக்கிறது. 'துருப்ளு அனோர்மால் து வுவாசினாஜ்' என்பார்கள், அண்டைவாசத்தில் அளவு மீறிய தொல்லை என்று பொருள். 1844 நவம்பரிலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு தொழிற்சாலை உரிமம் பெற்றே நடந்தாலும், அதன் சத்தம் அண்டை வீட்டார் சாதாரணமாகப் பொறுத்துக்கொள்ளும் அளவைத் தாண்டினால் ஈடு கேட்கலாம் என்றது. 1986இல் அதை யாரும் அண்டையாருக்கு அளவு மீறிய தொல்லை தரக் கூடாது என்ற பொது விதியாகவே சொன்னார்கள். 2024இல் அதைச் சிவில் சட்டப் புத்தகத்தில் 1253ஆம் பிரிவாக எழுதிவிட்டார்கள். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். மணி என்ன, டெசிபல் எத்தனை என்பதோடு அது நிற்பதில்லை. நீங்கள் தப்பு செய்தீர்களா என்றும் கேட்பதில்லை. அந்த இடத்தில், அந்த அண்டையாருக்கு, இது அளவு மீறியதா என்று கேட்கிறது. 

நமக்குப் பாரீஸ் வரை போக வேண்டிய அவசியமும் இல்லை. பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொண்டு, ஒருவன் வலை இன்னொருவன் பிழைப்பைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அங்கும் சண்டை வந்ததுண்டு, எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீரையும் மீனையும் பங்கு போடத் தெரிந்த ஜனங்களுக்குத் தெருவின் அமைதியைப் பங்கு போடத் தெரியாதா?

புகார் சொல்வதிலும் முறை இருக்கிறது. நேராகக் காவல் நிலையத்துக்குப் போனால் பம்ப் நிற்கலாம், பேச்சும் நின்றுவிடும். பக்கத்து வீட்டு மருமகள் ஒருநாள் வந்து, "பெரியப்பா, நேத்து ராத்திரி உங்க மோட்டார் பதினோரு தடவை போட்டுச்சு, குழாய் எதுவும் ஒழுகுதான்னு பாருங்க" என்று சொன்னாள். சண்டை இல்லை, குறை இல்லை, எண்ணிக்கை மட்டும். அன்று மாலையே வாஷர் மாற்றியாயிற்று. இப்படிக் கணக்கோடு சொன்னால் கேட்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்துகொள்கிறார். எத்தனை மணிக்கு, எத்தனை தரம், எவ்வளவு நேரம் என்று ஒரு சீட்டில் நான்கு நாள் குறித்துக்கொண்டு போங்கள்.

ஊர்க் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்பது என் விருப்பம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் தொட்டிப் பீடத்தையும் பம்ப் மேடையையும் அஸ்திவாரம் போடும்போதே யோசிக்க வேண்டும். பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் பம்ப் பூட்டுவதில்லை என்று ஒரு வழக்கம் வந்தாலே போதும். பிளம்பர் தம்பிகள் இரண்டு மூன்று பேர்தான் நம் பக்கம் எல்லா வீட்டுக்கும் போகிறார்கள். அவர்களை உட்கார வைத்து ரப்பர் திண்டும் ஹோஸும் போடாமல் எந்தப் பம்பையும் பூட்டாதீர்கள் என்று சொல்லி, அதற்கான கூலியையும் முணுமுணுக்காமல் கொடுத்தால் பத்து வீட்டு வேலை ஒரே நாளில் ஒழுங்காகும். அடுத்த கூட்டம் எப்போது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிற்பகலில் மட்டும் வைக்க வேண்டாம், அந்த நேரத்தில் படகுக்காரர்கள் தூங்குவார்கள்.